சிகிச்சை முடித்தவர்களுக்கு இணையவழி நலவாழ்வுத் துணை: அமைக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

புற்றுநோய்க்கான கடைசி கீமோ ஏறி முடிந்ததும், அல்லது கடைசி நாள் கரண்ட் (கதிரியக்கச் சிகிச்சை) வைத்து முடிந்ததும், மருத்துவமனை அடுத்த தேதியைச் சீட்டில் குறித்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அந்தத் தேதி பெரும்பாலும் சில மாதங்கள் தள்ளி இருக்கும். அதுவரை யாரோ ஒருவர் எடை பார்த்து, ரத்தம் பார்த்து, சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். வீடு திரும்பிய மறுநாளிலிருந்து அந்தக் குரல் நின்றுவிடுகிறது. கேள்விகள்தாம் மிஞ்சுகின்றன. அறுவை நடந்த பக்கத்துக் கையால் தண்ணீர்க் குடம் தூக்கலாமா? மாடிப்படி ஏறலாமா? முட்டை சாப்பிடலாமா? பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விகள் எல்லாம் 'லாமா' என்று முடிவதைக் கவனியுங்கள். உறவினரிடமிருந்தும் கைப்பேசியிலிருந்தும் அறிவுரை இவர்களுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் வந்து சேர்ந்துவிட்டது. இவர்கள் கேட்பது அனுமதி. தன் உடம்பைத் தெரிந்த, பொறுப்புள்ள ஒருவர் 'செய்யலாம், இவ்வளவு செய்யலாம், இப்படி ஆனால் நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டும் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பு. சிகிச்சை முடித்தவர்களுக்காக வாட்ஸ்அப் வழியாகவோ ஒரு செயலி வழியாகவோ நலவாழ்வுத் துணை அமைக்க விரும்பும் செவிலியர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள், தன்னார்வலர்கள், மென்பொருள் எழுதுவோர் ஆகியோருக்காக, தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நீங்கள் அமைக்கும் எந்தப் பகுதியையும், அது 'லாமா' என்ற கேள்விக்குப் பதில் தருகிறதா என்று பார்த்து எடை போடுங்கள்.

யாருக்காக என்பதை முதலில் சுருக்குங்கள்

'புற்றுநோயிலிருந்து மீண்ட அனைவருக்கும்' என்று தொடங்கும் திட்டம் யாருக்கும் பொருந்தாத பொது அறிவுரையாகவே முடியும். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்த பெண்ணுக்குத் தோள் இறுகியிருக்கலாம், கையில் நிணநீர் தேங்கி வரும் வீக்கம் (நிணநீர் வீக்கம்) இருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரையால் மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் வரலாம், சிகிச்சைக் காலத்தில் எடை கூடியிருக்கலாம். வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டவருக்கோ நிலைமை நேர்மாறானது: எடை குறைந்து, உமிழ்நீர் வற்றி, வாய் திறப்பது சுருங்கி, ஒரு கவளம் விழுங்கவே அரை டம்ளர் தண்ணீர் தேவைப்படும். பெருங்குடல் புற்றுக்கு ஆக்சாலிபிளாட்டின் மருந்து ஏற்றிக்கொண்டவருக்கு விரல் நுனிகளிலும் பாதங்களிலும் மரமரப்பு நீடிக்கலாம். வயிற்றில் மலப்பை பொருத்தியிருக்கலாம். 'பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், எடையைக் குறையுங்கள்' என்ற ஒரே செய்தி முதலாமவருக்கு உதவும், இரண்டாமவருக்குத் தீங்கு செய்யும், மூன்றாமவரைக் குழப்பும்.

எனவே ஒரே வகைப் புற்றுநோயோடு தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்று என்பதால் பலரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள், அது தவறில்லை. ஆனால் வாய், தொண்டைப் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கென்று யாரும் பெரிதாக எதையும் அமைப்பதில்லை என்பது என்னை உறுத்துகிறது. பேச்சு குழறுவதால் தொலைபேசியை எடுக்கவே தயங்கும் அவர்களுக்குத்தான், எழுத்து வழியாக எட்டும் துணை மிகவும் பயன்படும்.

வாசலில் ஒரு காவல்

எந்தப் பயிற்சியையும் அனுப்புவதற்கு முன், சேர்பவரிடம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். என்ன சிகிச்சை, எப்போது முடிந்தது, நடக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ வருகிறதா, எலும்புக்குப் பரவியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா, ஒரு கை அல்லது கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, பாதத்தில் மரமரப்பு உண்டா, அண்மையில் விழுந்தீர்களா. டாக்சோருபிசின் போன்ற கீமோ மருந்துகளும், மார்பகப் புற்றுக்குச் சிலருக்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால், அவற்றைப் பெற்றவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர் பலருக்குத் தெரியாது. சிவப்பு நிறத்தில் ஏறியது என்பது மட்டும் நினைவிருக்கும். டிஸ்சார்ஜ் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒரு செவிலியர் அதைப் படித்துக் குறித்துக்கொள்வதே நம்பகமான வழி.

இந்தப் பதில்களிலிருந்து மூன்று வழிகள் பிரிய வேண்டும்: உடனே தொடங்கலாம், மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம், இன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்றாவது வழிக்கான அறிகுறிகளை நிரலுக்குள் மட்டும் ஒளித்து வைக்காமல், சேர்பவருடைய கைக்கும் ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள். வீங்கிய கை திடீரெனச் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும். ஒரு காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதற்கும் அதே அவசரம். புதிய கட்டி, வாரக்கணக்கில் நீடிக்கும் எலும்பு வலி, காரணமின்றிக் குறையும் எடை ஆகியவற்றுக்கு அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது வழிக்குள் போகிறவரைத் தானியங்கிச் செய்தியோடு விட்டுவிடாமல், ஒரு மனிதர் அழைத்துப் பேச வேண்டும். அப்படிப் பேச ஆளில்லை என்றால் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

உடற்பயிற்சி: எவ்வளவு, எப்படி, எங்கே

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு, 2019-இல் வெளியிட்ட பரிந்துரையில், சிகிச்சை முடித்தவர்களின் களைப்பு, மனக்கலக்கம், மனச்சோர்வு, உடல் இயக்கம் ஆகியவற்றில் முன்னேற்றம் தரக்கூடிய அளவைத் தெளிவாக வரையறுத்தது: வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 30 நிமிடம், மிதமான வேகத்தில் நடை போன்ற பயிற்சி, அதோடு வாரத்துக்கு 2 நாள் தசை வலுப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொன்ன வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பதை விட இது எட்டக்கூடிய தொலைவில் இருக்கிறது. ஆகவே முதல் இலக்காக இதையே வையுங்கள். 10,000 காலடி என்ற எண்ணை எங்கும் பயன்படுத்தாதீர்கள். அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதேயன்றி, நோயிலிருந்து எழுந்தவர்களுக்காக யாரும் கணக்கிட்டுச் சொன்ன அளவன்று.

தொடக்கம் ஐந்து நிமிடமாக இருக்கட்டும். வீட்டுக்கூடத்தில் ஐந்து நிமிடம், ஒரு வாரம் கழித்து ஏழு நிமிடம் என்று கூடட்டும். 'மிதமான வேகம்' என்றால் என்ன என்பதைக் கருவி இல்லாமலே சொல்லிவிடலாம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தசை வலுவுக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குதல் ஆகியவை போதும். பாட்டிலில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து எடையை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி.

மார்பக அறுவை முடிந்த பெண்களிடம் 'அந்தக் கையால் எதையும் தூக்காதே' என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இது அன்பினால் சொன்ன அறிவுரைதான், ஆனால் முழுவதும் சரியானதன்று. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதியினர் வாரத்துக்கு இருமுறை, பயிற்சியாளரின் மேற்பார்வையில் தொடங்கி, மிக மெதுவாக எடையைக் கூட்டித் தூக்கினார்கள். அவர்களுடைய வீக்கம் அதனால் மோசமாகவில்லை. 'மேற்பார்வையில் தொடங்கி, மெதுவாகக் கூட்டி' என்ற சொற்களை விட்டுவிடாமல் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். முதல் சில முறைகளைக் காணொளி அழைப்பில் இயன்முறை மருத்துவர் பார்த்துத் திருத்திவிட்டால், பிறகு அவர்கள் தாமே செய்துகொள்வார்கள்.

வாய்ப் புற்று முடித்தவர்களுக்கு நடையோடு தாடைப் பயிற்சியும் வேண்டும். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லி, அந்த அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்துகொண்டே வந்தால் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டிய சேதி அது.

இடம் பற்றி ஒரு சொல். நடைபாதை இல்லாத தெருக்கள், நாய்கள், ஏப்ரல் மே மாத வெயில், 'உடம்பு சரியாகிவிட்டதா?' என்று நிறுத்தி விசாரிக்கும் அண்டை வீட்டார் ஆகிய நான்கும் உண்மையான தடைகள். முடி இன்னும் வளராத பெண் தெருவில் நடக்க மாட்டார். மொட்டை மாடி, வீட்டுக்கூடம், விடியற்காலைக் கோயில் பிராகாரம் என்று அவரவருக்கு ஏற்ற இடத்தை அவரோடு பேசியே முடிவு செய்யுங்கள்.

2025-இல் வெளியான ஓர் ஆய்வை இந்தத் துறையில் இறங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 'சேலஞ்ச்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வு, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சியையும் நல்ல உணவையும் பற்றிய கையேடுகள் கிடைத்தன. மற்றப் பிரிவினருக்கு அவற்றோடு, மூன்று ஆண்டுக் காலம் தொடர்ந்து பேசி வழிநடத்தும் ஒரு பயிற்சி ஆலோசகரும் கிடைத்தார். எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் முதல் பிரிவில் 83.2 சதவீதமாகவும் இரண்டாம் பிரிவில் 90.3 சதவீதமாகவும் இருந்தது. கையேடு இரு பிரிவினரிடமும் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நீங்கள் அமைக்கப்போவது வெறும் குறிப்புகளை அனுப்பும் இயந்திரமாக இருந்தால், அது அந்த முதல் பிரிவின் கையேட்டுக்குச் சமம். அதே நேரத்தில் நேர்மையாகவும் இருக்க வேண்டும்: அந்த ஆய்வில் வழிநடத்தல் தொடக்கத்தில் நேரில் நடந்தது, ஒரே வகைப் புற்றுக்காக நடந்தது, பயிற்சிப் பிரிவில் தசை, மூட்டுப் பிரச்சினைகள் சற்றுக் கூடுதலாகவும் இருந்தன. உங்கள் வாட்ஸ்அப் திட்டம் ஆயுளைக் கூட்டும் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உணவு: அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்

யார் சமைக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. நம் வீடுகளில் நோயிலிருந்து எழுந்த பெண்ணே பெரும்பாலும் மற்றவர்களுக்கும் சமைக்கிறாள். அவளுக்கென்று தனிச் சமையல் எழுதிக் கொடுத்தால் நான்கு நாளில் நின்றுவிடும். வீட்டுக்கே ஆகும் சமையலில் சிறு மாற்றங்களைச் சொன்னால் நிலைக்கும். சோற்றைச் சற்றுக் குறைத்துப் பொரியலையும் கூட்டையும் கூட்டுவது, வாரத்தில் சில நாள் கேழ்வரகோ கம்போ சேர்ப்பது, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தினசரி வேண்டாம் என்று வைப்பது போன்றவை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. அதை ஒரு தேக்கரண்டி என்று சொல்லுங்கள். அளவுகளைக் கரண்டியிலும் டம்ளரிலும் கைப்பிடியிலும் எழுதுங்கள். ரேஷன் கடையிலும் சந்தையிலும் கிடைக்காத எந்தப் பொருளும் உங்கள் பட்டியலில் இடம்பெற வேண்டாம்.

எடை இழந்தவர்களுக்கு அறிவுரையின் திசையே வேறு. குழைந்த பருப்புச் சாதம், தயிரில் ஊறிய இட்லி, அவித்த முட்டையை மசித்தது, முள்ளில்லாத மீன், காரமில்லாத குழம்பு என்று, விழுங்கவும் முடிந்து புரதமும் தருகிற உணவுகளைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துச் சொல்லுங்கள். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு உணவியலாளர் பார்க்காமல் எதையும் அனுப்பக் கூடாது.

வதந்திகளுக்கென்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். முள்சீத்தாப் பழம் கீமோவை விட வலியது, சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும், குறிப்பிட்ட கஷாயம் குடித்தால் மாத்திரை தேவையில்லை என்பவை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அனுப்புகிற அண்ணனும் அத்தையும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பில் அனுப்புகிறார்கள். ஆகவே பதிலில் ஏளனம் இருக்கக் கூடாது. சர்க்கரையைப் பொறுத்தவரை, இனிப்பையும் இனிப்புப் பானங்களையும் குறைப்பது எடைக்கு நல்லது, ஆனால் சோற்றையே நிறுத்தி உடம்பை வாட்டினால் புற்று சாகாது, நீங்கள்தான் மெலிவீர்கள் என்று சொல்லலாம். பழத்தைப் பழமாகச் சாப்பிடுவதற்கும், அதன் சாற்றைப் பொடியாகவும் மாத்திரையாகவும் விழுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டையும் விளக்குங்கள். செறிவூட்டிய மூலிகைப் பொருள்கள் சில கல்லீரலைப் பாதிக்கும், சில மருந்துகளோடு மோதும். 'என்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எங்களிடம் சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம்' என்ற வரியை அடிக்கடி அனுப்புவது நல்லது. கோபத்துக்குப் பயந்தே பலர் மறைக்கிறார்கள்.

புகையிலையைப் பற்றியும் மதுவைப் பற்றியும் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பாக்கைப் பற்றித் தெரியாது. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. வெற்றிலை பாக்கு விருந்தோடும் சடங்கோடும் பிணைந்திருப்பதால், மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். விட முயல்பவருக்கு 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணைக் கொடுங்கள். மறுபடி ஒரு முறை போட்டுவிட்டேன் என்று ஒருவர் எழுதினால், முதலில் 'சொன்னதற்கு நன்றி' என்று எழுதுங்கள். அடுத்தது என்ன என்பதைப் பிறகு பேசலாம்.

கைப்பேசி யாருடைய கையில் இருக்கிறது

பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். அது மகனிடமோ கணவரிடமோ இருக்கும். திரையின் மேல் வந்து விழும் அறிவிப்பில் நோயின் பெயர் இருந்தால், பள்ளிப் பிள்ளையும் பக்கத்து இருக்கைக்காரரும் அதைப் படிப்பார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் நோயையே மறைத்து வைத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எனவே திட்டத்தின் பெயரிலும் அனுப்பும் எண்ணின் பெயரிலும் செய்தியின் முதல் வரியிலும் 'புற்று', 'கேன்சர்' என்ற சொற்கள் வர வேண்டாம். எந்த நேரத்தில் கைப்பேசி தங்கள் கையில் இருக்கும் என்று கேட்டு, அந்த நேரத்துக்கே அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதைச் சேர்க்கும் முன்பே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். விரும்பாதவருக்குத் தனிச் செய்தியாகவே எல்லாம் போகட்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே சேர்க்கும் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) வழியாக அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி சேரும் என்பதையும் மறவாதீர்கள். முதல் சந்திப்பிலேயே எண்ணைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. எட்டாவது அட்டவணையில் தமிழும் இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். 'நிறுத்து' என்று ஒரு சொல் அனுப்பினால் போதும் என்ற அளவில் அமையுங்கள்.

செயலியாக அமைத்தால் விரல் மரத்தவர்களை நினைத்துப் பொத்தான்களைப் பெரிதாக வையுங்கள். 44 பிக்சலுக்குக் குறையாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது. சிகிச்சைக்குப் பின் பலருக்கு நினைவும் கவனமும் சில மாதங்கள் மங்கலாகவே இருக்கும். ஒரு செய்தியில் ஒரே ஒரு செயலைச் சொல்லுங்கள். படிக்கச் சிரமப்படுபவருக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு. அதை அவருக்குப் பழக்கமான செவிலியரே பேசியிருந்தால் நம்பிக்கை கூடும்.

மொழியில் இரண்டு கவனங்கள். 'கதிரியக்கச் சிகிச்சை' என்று அச்சிட்டாலும் அருகே 'கரண்ட்' என்று எழுதுங்கள். மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 'புற்றை வென்றவர்' என்ற பட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். நாளை நோய் திரும்பினால் அவர் தோற்றவர் ஆகிவிடுவாரா? 'சிகிச்சை முடித்தவர்' என்பது அடக்கமான சொல், யாரையும் புண்படுத்தாது.

தொடர்வதும் நிற்பதும்

'இன்று நடந்தீர்களா?' என்று தினமும் கேட்பதை விட, எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று அவரையே ஒருமுறை சொல்ல வைப்பது பலன் தரும்: 'காலைக் காப்பி குடித்த பிறகு மாடியில் பத்து நிமிடம்' என்பது போல. குறித்து வைக்கச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியே போதும். நடந்த நாளில் ஒரு வட்டம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அதைப் படமெடுத்து அனுப்பட்டும். படத்தைப் பார்த்து ஒரு மனிதர் ஒரு வரியாவது பதில் எழுத வேண்டும். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று செய்தி, பிறகு இரண்டு, மூன்றாம் மாதத்துக்குப் பின் ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். கேள்வி வந்தால் ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும் என்பதை மட்டும் தளர்த்தாதீர்கள்.

செக்கப்புக்கும் ஸ்கேனுக்கும் முந்தைய வாரத்தில் பலர் பேசாமல் போவார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சம் உறக்கத்தையும் பசியையும் தின்றுவிடும் காலம் அது. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த வாரம் இலக்குகளை நிறுத்திவிட்டு, 'எப்படி இருக்கிறீர்கள் அம்மா?' என்று மட்டும் கேளுங்கள். தாங்க முடியாத மனவேதனை தெரிந்தால், டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐக் கொடுப்பதோடு நிற்காமல், அவர்களை அழைத்துப் பேசுங்கள்.

ஒருவர் ஒரு வாரம் பதிலளிக்கவில்லை என்றால், 'நீங்கள் இலக்கைத் தவறவிட்டீர்கள்' என்ற தானியங்கிச் செய்தி போகவே கூடாது. அந்த மௌனத்துக்குப் பின்னால் மகளின் பிரசவம் இருக்கலாம், கைப்பேசிப் பழுது இருக்கலாம், நோய் திரும்பிய சேதியும் இருக்கலாம். தொலைபேசியில் அழையுங்கள். நோய் திரும்பியவரைக் குழுவிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். இருக்க விரும்புகிறீர்களா என்று அவரையே கேளுங்கள். அவருக்கும் மெதுவான நடையும் ருசியான கஞ்சியும் பேச்சுத் துணையும் வேண்டும்.

ஓர் உறுப்பினர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதைத் தொடக்க நாளுக்கு முன்பே எழுதி வையுங்கள். சேதி கிடைத்த அன்றே அந்த எண்ணுக்குப் போகும் எல்லாச் செய்திகளையும் நிறுத்தும் பொறுப்பு, பெயர் குறித்து ஒருவரிடம் இருக்க வேண்டும். காரியம் நடந்துகொண்டிருக்கும் வீட்டில், மேசை மேலிருக்கும் அம்மாவின் கைப்பேசியில் 'காலை வணக்கம், இன்று பத்து நிமிடம் நடக்கலாமா?' என்று திரை ஒளிரக் கூடாது. குழுவில் உள்ளவர்களுக்குக் குடும்பத்தின் அனுமதியோடு நீங்களே சொல்லுங்கள். அன்று வேறு எந்தச் செய்தியும் வேண்டாம். அடுத்த இரண்டு நாளில் குழுவில் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து விசாரியுங்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்த பின், மென்பொருளில் ஏற்றுவதற்கு முன்னால், புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் ஐந்தாறு பேரிடம் அனுமதி கேட்டு அமர்ந்து, முதல் நான்கு வாரச் செய்திகளை அவர்கள் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் சொல்லை மாற்றுங்கள். 'இது எங்கள் வீட்டில் நடக்காது' என்று சொல்லும் வரியை அடித்துவிடுங்கள். பிறகு இருபது பேரோடு பன்னிரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் களைப்பைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேளுங்கள், அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள், அவர்கள் கேட்ட 'லாமா' கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். அடுத்த இருபது பேருக்கான செய்திகளை அந்த நோட்டிலிருந்து எழுதத் தொடங்கலாம்.